பெட்டியில் தூங்கும் பத்திரம் மதுரைக்குப் போகாது

தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்துவிட்டதா? முதலில் தீர்ப்பின் நகல் கேட்டு மனு போடுங்கள். அன்றைக்கே போடுங்கள். வருத்தப்படுவது, வக்கீலை மாற்றலாமா என்று யோசிப்பது, சொந்தக்காரர்களைக் கூட்டிப் பேசுவது எல்லாம் அப்புறம். 1989-இல் கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்து 32 வருடம் வழக்குக் கட்டு தூக்கியவன் நான். வழக்கில் பலம் இல்லாமல் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல வழக்கை வைத்துக்கொண்டு நாளைத் தவறவிட்டுத் தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டாவது வகைதான் இன்றைக்கும் மனதைப் பிசைகிறது.

நாள் கணக்கு இப்படி. முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் அப்பீல் போட 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால், அது முதல் அப்பீலோ இரண்டாவது அப்பீலோ, 90 நாள். உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி மனு போடவும் 90 நாள். தீர்ப்பு சொன்ன நாளைச் சேர்க்க வேண்டாம். நகலுக்காகக் காத்திருந்த நாட்களையும் கழித்துக்கொள்ளலாம். கோர்ட் தரும் சான்றிட்ட நகலைத் திருப்பிப் பாருங்கள். மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி என்று வரிசையாக முத்திரை இருக்கும். உங்கள் அப்பீலின் உயிர் அந்த முத்திரையில்தான் இருக்கிறது. ஜூன் 3-ஆம் தேதி தீர்ப்பு, 5-ஆம் தேதி நகல் மனு, 20-ஆம் தேதி நகல் தயார் என்றால் 16 நாள் கழியும். ஜூலை 3-இல் முடிய வேண்டிய கெடு ஜூலை 19 வரை நீளும். ஆனால் ஸ்டாம்ப் கேட்டு நோட்டீஸ் போர்டில் போட்ட பிறகு நீங்கள் கட்டாமல் விட்ட நாட்கள் உங்கள் தலையில்தான் விழும். அதனால் மனு போட்டால் மட்டும் போதாது, போர்டைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த நாட்களைத்தான் பலர் வேறு கதவுகளைத் தட்டியே கழித்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மனு, தாசில்தாரிடம் பட்டாவை மாற்றச் சொல்லி மனு. இவை எதுவும் சிவில் கோர்ட் படிக்கட்டில் கிடையாது. பட்டாவுக்கென்று தாசில்தார், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று தனிப் படிக்கட்டு இருக்கிறது. சொத்து யாருடையது என்று தீர்ப்பது சிவில் கோர்ட்தான். நீங்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது அந்த 30 நாள் உங்களுக்காகக் காத்திருக்காது.

சரி, நகல் கையில் வந்துவிட்டது. எங்கே போவது?

கீழே முன்சீப் கோர்ட். இப்போது 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள தாவாக்கள் அங்கே. அதற்கு மேல் 50 லட்சம் வரை சப் கோர்ட், அதையும் தாண்டினால் ஜில்லா கோர்ட். முன்சீப் தீர்ப்பின் அப்பீல் எங்கள் ஊரில் சப் கோர்ட்டுக்குப் போகும். சப் கோர்ட் தானே முதலில் விசாரித்த வழக்கென்றால் அப்பீல் தஞ்சாவூர் ஜில்லா கோர்ட்டுக்கு. அங்கிருந்து உயர் நீதிமன்றம். 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறக்கும் வரை நாங்கள் ராத்திரி ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவோம். இப்போது தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக்குப் போகிறது. பக்கத்தில் இருக்கும் மயிலாடுதுறைக்காரரும் திருவாரூர்க்காரரும் இன்னும் சென்னைக்குத்தான் போக வேண்டும். மாவட்ட எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்தவர்கள், நிலம் வைத்திருப்பவர்கள் இதில் குழம்பிவிடுவார்கள். வழக்கு முதலில் எந்த மாவட்டக் கோர்ட்டில் நடந்ததோ அதைப் பார்த்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம்.

வழி தெரிந்துவிட்டது. அந்தந்தப் படியில் உங்களிடம் என்ன கேட்பார்கள் என்பதுதான் முக்கியம். மேலே போவதைச் சீட்டைத் திரும்பக் குலுக்கிப் பார்ப்பது போல நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் கேள்வியே வேறு.

முன்சீப் கோர்ட்டில் கேள்வி, என்ன நடந்தது என்பது. சாட்சி கூண்டேறுவது இங்கேதான். பத்திரத்துக்குச் சான்றாவணக் குறியீடு போடுவது இங்கேதான். கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர் டேப் பிடித்து அளந்து பிளான் போட்டுக் கொடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான். சாட்சி தடுமாறியதையும் கண் கலங்கியதையும் நேரில் பார்த்தவர் அந்த ஒரு நீதிபதி மட்டுமே.

முதல் அப்பீலில் கேள்வி, கீழே இருப்பவர் அந்தச் சாட்சியத்தைச் சரியாக எடைபோட்டாரா என்பது. இங்கே நீதிபதி முழுக் கட்டையும் படிக்கலாம், சாட்சியத்தை ஆதியிலிருந்து அலசலாம், கீழ்த் தீர்ப்பை அப்படியே புரட்டலாம். நடந்தது என்ன என்பதில் கடைசி வார்த்தை பெரும்பாலும் இந்தக் கோர்ட்டுடையதுதான். அதனால் கையில் காசு கம்மி, ஒரு இடத்தில்தான் நல்ல சீனியரை வைக்க முடியும் என்று யாராவது என்னிடம் கேட்டால், முதல் அப்பீலுக்கு வையுங்கள் என்பேன். பணத்தை மிச்சம் பிடித்து மதுரையில் செலவழிக்கலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது அப்பீல் என்றால் வாசலே குறுகல். சிவில் நடைமுறைச் சட்டம் 100-ஆவது பிரிவின்படி, சட்டம் சார்ந்த முக்கியமான கேள்வி ஒன்று இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ‘அந்தச் சாட்சி பொய் சொன்னான்’ என்பது சட்டக் கேள்வி ஆகாது. ‘பத்திரத்தின் வாசகத்தைக் கீழ்க் கோர்ட் தவறாகப் பொருள்கொண்டது’ என்பது ஆகலாம். ‘ஆதாரமே இல்லாமல் முடிவுக்கு வந்துவிட்டது’ என்பதும் ஆகலாம். டெல்லி அதையும் தாண்டி. அரசியல் சாசனத்தின் 136-ஆவது பிரிவில் நீங்கள் கேட்பது அனுமதி. உரிமை என்று மேஜையைத் தட்ட முடியாது.

சுவாமிமலைப் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து வயல்காரர் வரப்பு போட்டு மறித்துவிட்டார். அறுப்பு மெஷின் உள்ளே போக வழியில்லை. தாவா போட்டோம். ஏதாவது பத்திரம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, ‘ஊருக்கே தெரிஞ்ச பாதைங்க, பத்திரம் எதுக்கு?’ என்றார். இரண்டு சாட்சி போட்டார். ஒருவர் குறுக்கு விசாரணையில் பாதையின் அகலத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். தீர்ப்பு எதிராகப் போனது. ஆவணம் எதுவும் தாக்கலாகவில்லை என்று ஒரு வரி அதில் இருந்தது. தீர்ப்பு வந்த பிறகுதான் வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். அவருடைய அப்பா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் அதில் இருந்தது. எட்டடி வண்டிப்பாதை, எந்தப் பக்கம், யார் யாருக்குப் பாத்தியம், எல்லாம் மணி மணியான கையெழுத்தில்.

அப்பீலில் அந்தப் பத்திரத்தை ஏற்கச் சொல்லி சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளை 27-ஆவது விதியில் மனு போட்டோம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் எவ்வளவு முயன்றும் முன்பே கொண்டுவர முடியவில்லை என்று காட்ட வேண்டும். சொந்த வீட்டுப் பெட்டியில் இருந்த பத்திரத்துக்கு அப்படி என்ன காரணம் சொல்வது? மனு தள்ளுபடி, அப்பீலும் தள்ளுபடி. மதுரையில் இரண்டாவது அப்பீல் அனுமதிக் கட்டத்திலேயே முடிந்தது. இரண்டு கோர்ட்டும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன, சட்டக் கேள்வி எதுவும் எழவில்லை என்று. மூன்று படி, ஏழு வருடம். மூன்று நீதிபதிகளில் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. தாவா போட்ட அன்றைக்கே நானும் அவரோடு போய் அந்தப் பெட்டியைத் திறக்க வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணம் என்னை விடவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் பெட்டியையும் பீரோவையும் முழுக்கத் துழாவிவிட்டு வாருங்கள் என்று சொல்லித்தான் பிராது எழுத விடுவேன்.

இவ்வளவு படி எதற்கு, ஒரே கோர்ட், ஒரே தீர்ப்பு என்று முடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிழை திருத்த ஓர் இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் புரியும். இன்னொரு காரணம் எனக்கே மெல்லத்தான் புரிந்தது. பெண்களின் பாக வழக்குகள்தான் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தன.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1989-இல், மார்ச் 25 முதல் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அதில் இடமில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது. அங்கேதான் சிக்கல். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? வேண்டும் என்று 2015-இல் பிரகாஷ் எதிர் புலவதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-இல் தானம்மா வழக்கில் அப்பா 2001-லேயே இறந்துவிட்டிருந்தும் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. இரண்டுமே இரண்டு நீதிபதிகள் அமர்ந்து சொன்னவை. அண்ணன் தரப்பு வக்கீல் ஒன்றைக் காட்டுவார், தங்கை தரப்பு வக்கீல் மற்றதைக் காட்டுவார். ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே மாதிரிச் சொத்து, இந்த ஊரில் ஒரு தீர்ப்பும் அந்த ஊரில் வேறு தீர்ப்பும் வரக்கூடிய நிலை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் நான் என்ன சொல்வது?

2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து முடித்துவைத்தார்கள். மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல. உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் நாட்டிலுள்ள எல்லாக் கோர்ட்டையும் கட்டுப்படுத்தும் என்று அரசியல் சாசனத்தின் 141-ஆவது பிரிவு சொல்கிறது. அன்றைக்கு அப்புறம் கும்பகோணம் முன்சீப்பும் நாகர்கோவில் முன்சீப்பும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்ல முடியும். உச்சியில் ஒன்று இருப்பது இதற்காக. உங்கள் வரப்புச் சண்டையில் சாட்சி சொன்னதை மூன்றாம் முறை படித்துப் பார்க்க அவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பதும் இங்கேதான் விளங்கும். அவர்களுடைய வேலை வேறு.

மேலே இருக்கும் கோர்ட் எப்போதுமே சரியாகச் சொல்லும் என்று நான் நம்பச் சொல்லவில்லை. தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னர் 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அரண்மனைச் சொத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் சென்னையில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1859-இல், அன்றைக்கு உச்சக் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், கோர்ட் விசாரிக்க முடியாது என்று அதைப் புரட்டிவிட்டது. அதற்கு மேலே போக இடமில்லை. எங்காவது ஓரிடத்தில் வழக்கு நின்றாக வேண்டும் என்பது உண்மை. நிற்கும் இடத்தில் எல்லோருக்கும் நியாயம் கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

கிரிமினல் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜுடிசியல் மாஜிஸ்திரேட் 3 வருடம் வரை தண்டனை கொடுக்கலாம், தலைமை ஜுடிசியல் மாஜிஸ்திரேட் 7 வருடம் வரை. கொலை போன்றவை செஷன்ஸ் கோர்ட்டுக்கு. செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தால், குற்றவாளி அப்பீலே போடாவிட்டாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. பொற்கொல்லன் ஒருவன் சொன்னதைக் கேட்டுக் கோவலனை வெட்டினார்களே, அன்று மதுரையில் இரண்டாவதாக ஒருவர் அந்தச் சிலம்பைப் பார்த்திருந்தால் என்று இந்தச் சட்டப்பிரிவை நினைக்கும்போதெல்லாம் தோன்றும். கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியது அப்பீல்தான். ஆனால் தண்டனை முடிந்த பிறகு வந்த அப்பீல்.

எல்லாப் பிழைக்கும் படியேற வேண்டியதில்லை. டிகிரியில், அதாவது தீர்ப்பின்படி கோர்ட் எழுதித் தரும் ஆணையில், சர்வே எண் 112/3 என்பது 113/2 என்று தட்டச்சாகிவிட்டால் அதே கோர்ட்டில் சிவில் நடைமுறைச் சட்டம் 152-ஆவது பிரிவில் மனு போட்டுத் திருத்திக்கொள்ளலாம். நீங்கள் ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால், தகுந்த காரணத்தோடு 30 நாளுக்குள் அதே கோர்ட்டில் மனு போட்டு வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லலாம். மக்கள் நீதிமன்றம் என்னும் லோக் அதாலத்தில் சமாதானமாகிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள். அதற்கு அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், வழக்கு அன்றோடு தீரும். என் கண்ணால் பார்த்த பல குடும்பங்களுக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் வாசகத்தை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்பீல் போட்டுவிட்டால் கீழ்த் தீர்ப்பு தானாக நின்றுவிடும் என்பது தவறு. ஸ்டே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்பீல் போடும் வரைக்கும்கூட எதிர்த்தரப்பு அவசரப்பட்டு நிறைவேற்றிவிடும் என்று பயந்தால், கெடு முடிவதற்குள் தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிலேயே கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்க மனு போடலாம். ஜெயித்தவரும் சும்மா இருக்கக் கூடாது. அப்பீல் போகும் கோர்ட்டில் கேவியட் போட்டு வைத்தால், உங்களைக் கேட்காமல் ஸ்டே கொடுக்க மாட்டார்கள். அது 90 நாள்தான் செல்லும், அப்புறம் புதிதாகப் போட வேண்டும்.

காசில்லாமல் படியேற முடியாது என்று பெண்கள் நிறையப் பேர் பின்வாங்குகிறார்கள். சட்ட உதவிச் சட்டத்தில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அப்படியே. கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், வக்கீல் வைத்துத் தருவார்கள். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையிலும் அதற்குக் குழு உண்டு.

கடைசியாக ஒன்று. டெல்லி வரை போய் ஜெயித்தாலும், டிகிரியை நிறைவேற்றித் தருவது முதலில் வழக்கு நடந்த அந்தச் சின்னக் கோர்ட்தான். நிறைவேற்று மனு, நாங்கள் ஈ.பி. என்போம், அங்கேதான் போட வேண்டும். அதற்குப் பொதுவாக 12 வருடம் கெடு. ‘இதைச் செய்யாதே’ என்று தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளைக்குக் கெடு இல்லை. அதனால் ஆரம்பத்தில் கொடுத்த ஓ.எஸ். என்னும் அசல் வழக்கு எண்ணையும், கணினியில் வழக்கைத் தேட உதவும் 16 எழுத்தும் எண்ணுமாக இருக்கும் சி.என்.ஆர். எண்ணையும் வீட்டு நாட்காட்டியில் எழுதித் தொங்கவிடுங்கள். சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று ஃபோனிலேயே தெரியும். மேல் கோர்ட் தீர்ப்புகளின் நகலையும் சேர்த்து, தேதி வாரியாக ஒரே கட்டாகக் கட்டி வையுங்கள். டிகிரியை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியரான அமீனா உங்கள் வரப்பில் வந்து நிற்கும் நாளில் முதலில் கேட்பது அந்தக் கட்டைத்தான்.